இரண்டு பணம்

உபி தொழிற்பேட்டை, ஆறாம் மாடி.
கீழே டயர் கடை, மேலே எங்கள் தமிழ் ஆராதனை.
போதகர் ஆசீர் வெள்ளைப் பலகையில்
அம்புக்குறி போட்டு விளக்கினார்:

எரிகோவுக்கு இறங்கிப்போன மனுஷன் ஆதாம்.
கள்ளர் என்பது பிசாசும் அவன் சேனையும்.
ஆசாரியனும் லேவியனும் நியாயப்பிரமாணம்,
கண்டது, விலகிப் போனது.
சமாரியன் கர்த்தர்.
எண்ணெய் ஆவி, ரசம் இரத்தம்,
சத்திரம் சபை.
இரண்டு பணம் இரண்டு ஏற்பாடு.

சத்திரத்தான் என்று எழுதி
அம்பு இழுக்கப் போனபோது மை தீர்ந்துவிட்டது.
உதறிப் பார்த்தார்.
அது நம்மில் யாராவது, என்று மூடியைப் போட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஜாலான் புசாரில் முப்பத்திரண்டு அறை விடுதி,
ஒன்பது வருஷமாய் இரவு ஷிஃப்ட்.
சத்திரத்தானுக்கு ஆவியெல்லாம் அப்புறம்.
முதலில் அடையாள அட்டை.
பிறகு முன்பணம்.
விரிப்பில் கறை பட்டால் அது தனி.

போன மாதம் ஒரு வெள்ளி, விடியற்காலை மூன்று.
கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
ரஃபீகுல் என்று ஒரு பங்களாதேஷ் பையன்,
காய்ந்த சிமெண்டு பூட்ஸில்.
அவன்மேல் சாய்ந்து வீரபெருமாள், அறந்தாங்கி.
புருவத்துக்கு மேல் ஏழு தையல்.
ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பிவிட்டார்கள்.
துவாஸுக்கு அந்நேரம் பஸ் இல்லை,
முதலாளி போனை எடுக்கவில்லை.
ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது.

பையன் ஐம்பது வெள்ளித் தாள் இரண்டை
மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவினான்.
வியர்வையில் நனைந்திருந்தன.
மேலே ஆனால் எழுதி வை, ஞாயிறு வருகிறேன்:
கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் விரல்.

எழுதினேன்.
இரண்டாம் இரவு, எண்பத்தைந்து.
கஞ்சி, நாலு ஐம்பது.
தலையணை உறை, பன்னிரண்டு.
பனடோல் என் பையிலிருந்து, அதை எழுதவில்லை.

இதைச் சொல்லாமல் விட முடியாது.
அன்றிரவு ஒன்பதே முக்காலுக்கு
டெஸ்கர் ரோடு ஐந்தடி நடைபாதையில்
தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.
குடித்திருக்கிறான் என்று
பையை மறுதோளுக்கு மாற்றி
எதிர்ப்பக்கம் போனேன்.
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, அதுவும் உண்மைதான்.
மூன்று மணிக்குக் கதவு திறந்தபோது
முகத்தை அல்ல,
நீலக் கட்டம் போட்ட சட்டையைத்தான்
முதலில் அடையாளம் கண்டேன்.

பலகையில் ஆளுக்கு ஓர் அம்பு.
லேவியன் அதே செருப்போடு வந்து
சத்திரத்தில் வேலைக்குக் கையெழுத்துப் போடுவதை
எந்த அம்பால் இழுப்பது?

சனிக்கிழமை கம்பெனி லாரி வந்தது.
ஏறும்போது வீரபெருமாள் கேட்டான்:
யாருக்கா அந்தத் தம்பி?
எங்க சைட்டே இல்ல. முன்னப்பின்ன பார்த்ததில்ல.
அட்டையின் நகலைக் காட்டினேன்.
பெயரை எழுத்துக் கூட்டினான்,
பாதியில் லாரி ஹாரன் அடித்தது.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.
வேறு சைட்டா, ஊருக்கே அனுப்பிவிட்டார்களா,
யாரைக் கேட்பது?
எண்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு.
உன் சம்பளத்தில் பிடித்துக் கணக்கை மூடவா என்றார்
மேலாளர் கோ.
பிடியுங்கள், மூடாதீர்கள் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
எனக்கும் முழுசாகப் புரியவில்லை.

நிழல் முன்னே விழும், பொருள் பின்னே வரும்
என்று முடித்தார் போதகர்.
எங்கள் வாசலில் அது நிஜம்தான்.
தெருவிளக்கு வெளியே இருப்பதால்
யார் வந்தாலும் அவர் நிழல்தான் முதலில்
கண்ணாடியைக் கடந்து
தரையில் நீண்டு மேஜைக் காலைத் தொடும்.
நாலு வாரமாய் ஒவ்வொரு நிழலுக்கும் நிமிர்கிறேன்.

இப்போது ஒன்று.
தோள் அகலம், கையில் ஏதோ தொங்குகிறது.
பேரேட்டைத் திறந்து பக்கத்தை விரலால் பிடிக்கிறேன்.
கதவு திறக்கிறது.

முந்நூற்று நாலுக்கு நாசி லெமாக்.