பதினொன்றுக்குப் பன்னிரண்டு

மணி என்ன என்று கேட்க
அறுபத்துநான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.
உள்ளே ஒருவர்தான் போகலாம்.
கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி.
உங்கள் முறை வந்து, கடிகாரத்தைப் பார்த்து,
வெளியே வந்து சொல்வதற்குள்
அது பழைய மணி.

ரடானா இதைக் கவனித்தது பிர்னோவில்,
நவம்பர் ஈரத்தில்,
டிராம் வளையும்போது கிறீச்சிடும் தெருவில், நாலாம் மாடி.
நிற்பவர்கள் மனிதர்கள் அல்லர்,
ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் கோர்கள்.
பெரிய சர்வருக்குள் வாடகைக்கு இருக்கும் கணினி;
சொந்தக் கடிகாரம் கிடையாது.
வீட்டுக்காரனிடம் கேட்டுத்தான் காலம் தள்ள வேண்டும்.

வரிசைகூடப் பரவாயில்லை.
சில சமயம் சாவியைக் கையில் வைத்திருப்பவனையே
வீட்டுக்காரன் உறங்க வைத்துவிடுகிறான்,
வேறு குடிக்கு முறை வந்துவிட்டது என்று.
வெளியே அறுபத்துமூன்று பேர்
இருந்த இடத்திலேயே சுற்றுகிறார்கள்:
திறந்ததா திறந்ததா திறந்ததா.
ஒருவழியாய் விழித்தவன் சாவியை நீட்டுகிறான்.
தான் உறங்கியதே அவனுக்குத் தெரியாது.
அவன் கணக்கில் கண்கூட இமைக்கவில்லை.

பூட்டைப் போட்டவன் லுபோர்.
பதினோரு வருடம் ஆயிற்று. இப்போதும் எதிர் மேசை.
"ஏன் போட்டாய்?"
பூண்டு சூப்பை ஊதிக் குடித்தான்.
"பயம்," என்றான்.
"ஒரு கோர் ஐந்து என்கும். அடுத்த கணம்
பக்கத்துக் கோர் நாலு என்கும்.
நேரம் பின்னால் போய் நீ பார்த்ததில்லை.
நான் ஒரு வங்கியில் பார்த்தேன்.
வராத பணம் செலவாகியிருந்தது."
சிரிக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாற்பது வரிகளை அழித்தாள். ஒன்பது எழுதினாள்.
பூட்டு இல்லை, கதவும் இல்லை.
சுவரில் ஓர் எண் மட்டும்: கடைசியாகச் சொல்லப்பட்ட மணி.
வருகிறவன் படிக்கிறான்.
தன் மணி அதைவிடக் குறைவு என்றால்
தன்னுடையதை விழுங்கிவிட்டு
சுவரில் உள்ளதைச் சொல்லிப் போகிறான்.
கூடுதல் என்றால்,
நான் படித்த எண்ணே இன்னும் இருந்தால்
என்னுடையதை அங்கே வை, என்கிறான்.
ஒப்பிடுவதும் வைப்பதும் ஒரே செயல்,
இடையில் ஊசி நுழையாது.
அணு என்பது இதற்குத்தான் பொருத்தமான பெயர்,
அணுவைப் பிளக்கத் தெரியாத காலத்துப் பெயர்.
அதற்குள் எவனோ மாற்றிவிட்டானா?
கோபம் எதற்கு, மறுபடி படி.

உறங்குகிறவன் இனித் தனியாக உறங்கட்டும்.

இரவெல்லாம் ஓடவிட்டாள்.
மூன்று மணிக்கு, புதிதாக வந்த சில்லு ஒன்றில்,
நேரம் பின்னால் போனது.
பதினேழு நானோவினாடி.
தலைவலிக்கு அரை மாத்திரை போட்டுக்கொண்டாள்.
அரை மாத்திரைப் பொழுதைக் கோடி துண்டாக்கினால்
ஒரு துண்டுக்குக்கூடக் காணாது அந்தப் பதினேழு.
ஆனாலும் பின்னால்.

அவசரக்காரச் சில்லு.
தன் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே
சுவரை எட்டிப் பார்த்து வைத்திருக்கிறது;
பழைய எண்ணைப் புதிதென்று சொல்லியிருக்கிறது.
இது முதலில், அது பிறகு,
என்று ஒரு வரி சேர்த்தாள்.
பத்து வரி.
விடியும்வரை யாரும் பின்னால் போகவில்லை.

காலையில் லுபோர் கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தான்.
தன் பூட்டு சிவப்பில் அழிபட்டிருந்ததை
இரண்டு முறை படித்தான்.
"அப்படியானால் சிலர் சொல்வது அவர்கள் பார்த்த மணி அல்ல."
"இல்லை."
"பொய்."
"முன்னால் போகும் பொய்," என்றாள் ரடானா.

அப்போது மேட்டுக் கோயிலில் மணி அடித்தது,
பதினொன்றுக்குப் பன்னிரண்டு.
இந்த ஊரில் தினமும் அப்படித்தான்.
என்றோ ஒரு முற்றுகை;
நண்பகலுக்குள் விழாவிட்டால் போய்விடுவோம் என்றதாம் எதிரிப்படை;
எவனோ ஒரு மணி நேரம் முன்னதாகவே கயிற்றை இழுத்தானாம்.
ஊர்க்கதை. படை போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

லுபோர் விரல்விட்டு எண்ணினான், பன்னிரண்டும்.
சரிபார்த்தேன் என்று தட்டித்
தன் பெயரைப் போட்டான்.
"பன்னிரண்டு ஆகிவிட்டது,"
என்று சாப்பிடக் கிளம்பினான்.