ஹெச் இல்லாமல்

டெவெந்தர் நகராட்சி, பிறப்புப் பதிவு, மூன்றாம் கவுண்ட்டர்.
அலுவலகம் மூட அரைமணி இருக்கையில்
சொட்டும் மழைக்கோட்டோடு வந்து நின்றான் ரீங்க்.
சட்டம் தருவது மூன்று நாள்.
அவன் இரண்டே முக்காலை
ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் செலவழித்திருந்தான்.

"பெயர்?"
"நோவா."
கெர்பிரிக் நிமிரவில்லை.
இந்த வாரம் இது ஐந்தாவது.
"ஹெச் உண்டா, இல்லையா?"

எல்லோரிடமும் இப்படித்தான் கேட்பாள்,
காப்பிக்குச் சர்க்கரை கேட்பது போல.
காதுக்கு இரண்டும் ஒன்று.
எழுத்தில்,
ஹெச் இருந்தால் பேழை செய்தவர்.
இல்லாவிட்டால்
பாலைவனத்தில் மோசேக்கு முன்னால் வந்து நின்ற
ஐந்து சகோதரிகளில் ஒருத்தி;
ஆண்பிள்ளை இல்லாமல் செத்தால்
அப்பன் பேர் அழிந்துபோகணுமா,
எங்களுக்கு நிலத்தில் பங்கில்லையா என்று கேட்டவள்.
நம் வேதாகமத்தில் அவர் நோவா, இவள் நோவாள்.
அங்கே ஓர் எழுத்து உதிர்ந்தால் பெண்,
இங்கே ஓர் எழுத்து ஒட்டினால்.

ரீங்க் பதில் சொல்லவில்லை.

நான்காம் மாதமே முடிவு செய்திருந்தார்கள்:
ஆணோ பெண்ணோ, நோவா, ஹெச்சோடு.
ஓய்வு என்று பொருள்.
"இந்த வீட்டில் ஒருவராவது ஓயட்டும்" என்று
தூங்காத கண்ணோடு சிரித்தாள் மார்யொலைன்.
அவனுக்கு ஒரு குறை மட்டும்.
அவன் ஓட்டும் பள்ளி வேனில் ஏற்கெனவே நான்கு நோவா.
"கூப்பிட்டால் பாதி வண்டி திரும்பும்."
ஆனாலும் மர எழுத்துகள் நான்கு வாங்கி
மஞ்சள் அடித்து வெயிலில் காயவைத்தான்.

பிறகு இருபத்தெட்டாம் வாரம். ஸ்வொல்லே மருத்துவமனை.
ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தின் எடையில் மகள்.
முதல் இரவு முழுக்க ஓய்ந்தே கிடந்தாள்.
ஓய்வு என்ற சொல்
அப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

இரவுப் பணி நர்ஸ் ட்சோஃபியா ஹைஃபாவில் பிறந்தவள்.
குழாயைச் சரிசெய்தபடி
பேச்சுக்குப் பேச்சாகச் சொன்னாள்:
"எங்கள் பாலர் வகுப்பில் ஐந்து நோவா. எல்லாம் பெண்கள்.
கப்பல்காரர் பேர் இல்லை அது, வேர் வேறு.
நடுவில் தொண்டைக்குள் ஓர் எழுத்து ஒளிந்திருக்கும்.
அசைகிறாள் என்று அர்த்தம்."
"யார்?" என்றான் ரீங்க்,
பேரைச் சொல்கிறாளா
மகளைச் சொல்கிறாளா தெரியாமல்.
இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள்.
நான்கு நிமிடம் ஒன்றுமில்லை.
அப்புறம் இடதுகால் பெருவிரல்.
ஒருமுறை.

"ஹெச் வேண்டாம்" என்றான் கவுண்ட்டரில்.
கெர்பிரிக் தட்டினாள், திரையைத் திருப்பிக் காட்டினாள்,
எச்சரிக்கை போல வழக்கமான வாக்கியத்தையும் சொன்னாள்:
"நிறையப் பேர் வைக்கிறார்கள், தெரியுமல்லவா?"
"எத்தனை பேர்?"
எண்ணைச் சொன்னாள்.

அத்தனை பேரும் மூச்சு விடுகிறார்கள்.
அத்தனை பேரும் இந்நேரம் எங்கோ
செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு,
சைக்கிளிலிருந்து விழுந்து,
ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு.
அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் நகர்ந்தால்
ஒரு கிலோவுக்கு இடமிருக்காதா?
வண்டி பாதி திரும்பும் என்று அலுத்துக்கொண்ட அதே வாயால்
"இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றான்.

கையெழுத்துக்குப் பேனா தேடியபோது
கோட்டுப் பையிலிருந்து ஒரு மஞ்சள் ஹெச் விழுந்தது.
எடுக்காமலே போய்விட்டான்.
கெர்பிரிக்கின் இழுப்பறையில்
கோப்பு ஊக்குகளோடு கிடக்கிறது அது.
திருப்பி அனுப்ப முகவரி இருக்கிறது.
அனுப்பவில்லை.

நான்கு வருடம் கழித்து, ஒரு ஆகஸ்ட்,
ஈசெல் ஆற்று மணலில் அவள் துண்டு விரித்துப் படுத்திருக்க,
யாரோ ஓர் ஆணின் குரல்: "நோவா!"
மூன்று தலைகள் திரும்பின.
நான்காவது திரும்பவில்லை,
தண்ணீரைப் பார்த்து
ஓடிக்கொண்டிருந்தது.