ஊசி வராத படம்

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு
ஆட்களைக் கைகளால்தான் அடையாளம் தெரியும்.
சீட்டை நீட்டும் கை, சில்லறையைப் பொத்தும் கை,
நகக்கண்ணில் கொழுந்துக் கறை ஏறிய கை.
யோகேந்திரனின் கை
கண்ணாடிப் பலகையில் ஊன்றும்போதே
"ஸ்டாக் இல்லை" என்றுவிடுவேன்.
அவன் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டான்.
"அது வந்தா நிக்க விடாதே" என்று
கடைப்பையன் பெள்ளிராஜிடம் சொல்லியிருந்தேன்.
அது.

நிலோஃபர் என்றொரு பெண் குன்னூரிலிருந்து
கேமராவோடு வந்து
எட்டு மாதம் லைன் வீடுகளில் சுற்றினாள்.
என்னிடமும் கேட்டாள்.
கடையைக் காட்டக் கூடாது என்றேன்.

படம் போட்டது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில்,
வெள்ளைப் போர்வையைத் திரையாகக் கட்டி.
உடைந்த ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து
புரொஜெக்டர் வெளிச்சத்தில்
தனியாக ஒரு படம் ஓட்டிக்கொண்டிருந்தது.
நான் எதற்குப் போனேன்?
என் கடை வருகிறதா என்று பார்க்க.

வரவில்லை.
வந்தது அவன் சமையற்கட்டு, விடியாத நேரம்.
ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போடுகிறான்.
விரல்கள் ஓட்டையைத் தாண்டிப் போகின்றன,
திரும்பி வருகின்றன,
தாண்டிப் போகின்றன.
கேமரா நகரவில்லை. பின்னணி இசை எதுவும் இல்லை.
முதல் நிமிடம் யாரோ சிரித்தார்கள்.
அப்புறம் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.
எனக்கு முன்னால் இருந்த லெட்சுமாயி
தன் சால்வையில் இல்லாத பொத்தானைத்
துழாவிக்கொண்டிருந்தாள்.
என் கட்டைவிரல் என்ன செய்தது என்பதை
யாரிடமும் சொல்லவில்லை.

மாட்டிவிட்டான். நிமிர்ந்து
"வேலைக்கு லேட்டாயிடுச்சு" என்றான்,
எங்களிடமோ கேமராவிடமோ,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

மருந்தடிக்கும் டிரம்மோடு சரிவில் உருண்டு
முதுகு போன வருஷத்தைப் பற்றியும் பேசினான்.
வலி மாத்திரையை முதன்முதலில்
முறையான சீட்டோடு வாங்கிய கடை எது என்று
படம் சொல்லவில்லை.
நான் சொல்கிறேன். என் கடை.

முடிந்ததும் கேட்டேன்:
"ஊசி போடறதை ஒரு தடவைகூடக் காட்டலியேம்மா?"
வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:
"எடுத்தேன். வெட்டிட்டேன்.
அதை நீங்க எல்லாரும் முன்னாடியே பார்த்தாச்சு சார்.
அவனைத்தான் பார்க்கலை."

அவன் கடைசி வரிசையில் இருந்தானாம்.
விளக்குப் போடுவதற்குள் எழுந்து போய்விட்டான்.

படம் யாரையும் குணப்படுத்தவில்லை.
ஐப்பசி மழையில் மறுபடி விழுந்தான்.
மையத்தில் இருபத்தெட்டு நாள் என்றார்கள்,
பதினோராம் நாள் ஓடிவந்தான்.
நிலோஃபர் இப்போது எங்கோ
வேறு எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று வந்தான்.
அதே கை, அதே கண்ணாடிப் பலகை.
அவனே வாய் திறக்கட்டும் என்று நின்றேன்.
நேரமானது. பின்னால் இரண்டு பேர்
சீட்டோடு முறைத்தார்கள்.
"அந்த மாத்திரை" என்றான்.
"இருக்கு. தர மாட்டேன், யோகேந்திரா."

பெயரைச் சொன்னதில்
இரண்டு பேருக்குமே கூச்சம்.
பெள்ளிராஜ், நான் சொல்லாமலே,
ஸ்டூலை இழுத்துப் போட்டான்.
அவன் உட்காரவில்லை. போகவும் இல்லை.
மேல் பொத்தான் தப்பான ஓட்டையில் இருந்தது.
"மழை விடட்டும்" என்றேன்.