முழுப்பேர்

நூறு சொல்லுக்குள் வாழ்க்கைக் குறிப்பு கேட்டிருக்கிறீர்கள்,
விருது மேடையில் வாசிக்க.
எண்பத்தேழு எழுதி
எண்பத்தேழையும் அழித்துவிட்டேன்.

பிறந்த தேதி ஜனவரி ஒன்று.
மண்டபம் முகாமில் வரிசை நீளம்,
எழுதியவருக்குக் கைவலி.
கப்பலிறங்கிய பிள்ளைகளில் பாதிப்பேர்
அன்றைக்கு ஜனவரி ஒன்றில் பிறந்தோம்.
"மழை விட்டு கொழுந்து தள்ளுன மாசம்" என்று
அம்மா சொன்னதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஊர் கோத்தகிரி.
டேன்டீ லயத்தில் பதினோராம் நம்பர்.
காட்டெருமை வந்து நின்றால்
கக்கூசுக்குப் போகக் காத்திருக்க வேண்டும்.
இது வேண்டாம், மேடையில் சிரிப்பார்கள்.

நிறுவைக்கு அம்மாவோடு போவேன்.
முள் பதினேழே முக்காலில் நடுங்கும்.
கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"பதினேழு" என்பார்.
பதினெட்டுக்கு முழுப்பேர்.
பதினேழுக்கு அரைப்பேர்.
பேரில் பாதியைத் தராசடியில் விட்டுவிட்டு
அம்மா மேடேறி வருவாள்,
இடுப்பில் ஈரப் படங்கோடு.

ஏழாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அந்தக் கால், அரை, முக்கால்களை
ஒரு வருஷம் சேர்த்துவைத்தேன்.
நூற்று நாற்பத்தொரு கிலோ.
டீயாக்கினால் பதினையாயிரம் கோப்பைக்கு மேல்.
தம்பி நம்பவில்லை.
குறைகிற பக்கம் மட்டுமே பிழை வந்தால்
அதற்குப் பிழை என்று பேரில்லை,
அது அன்றே தெரிந்தது.
நிரூபிக்கத்தான்
பெங்களூரில் பதினொரு வருஷம் ஆனது.

இயந்திரத்துக்குப் பத்தில் ஒன்று எழுத வராது.
இரண்டு மட்டும் பழகிய கை அது.
எழுதிக்கொண்டே போகும்,
இடம் தீர்ந்ததும் நறுக்கும்.
நறுக்கல் கோடி முறை கூடினால்
வட்டி நகரும், பாலம் நகரும்.
சரிபாதியில் வந்து நிற்கிற எண்
இரட்டைப்படைப் பக்கம் சாய வேண்டும்,
சில சமயம் மேலே, சில சமயம் கீழே.
ஒரு தராசுக்கு அவ்வளவு நாணயம் போதும்.

முதல் கட்டுரையில் பேர் முழுதாக அச்சானது:
கா. தங்கேஸ்வரி.
அப்பா பெருமாள்தானே,
கானா எங்கிருந்து வந்தது என்றார்கள் அலுவலகத்தில்.
காத்தாயி என்றேன்.
எழுத்துப்பிழை என்று நினைத்துத்
திருத்தித் தரவும் முன்வந்தார்கள்.

பிறகு அந்த நிரல்தொகுப்பு.
விருது அதற்குத்தான் என்று தெரியும்.
எந்தெந்தப் பெட்டிக்குள் அது ஓடுகிறதென்று
எனக்கே கணக்கில்லை.

போன ஐப்பசியில் ஊருக்குப் போனேன்.
கட்டபெட்டுக்கு மேலே இலை வாங்கும் கொட்டகை,
மூடுபனிக்குள் சிவப்பு இலக்கத் தராசு.
பதினாலு புள்ளி எட்டு ஆறு என்று எரிந்தது.
சிட்டை பதினாலு என்று துப்பியது.
"மிஷின் அப்படித்தாங்க மேடம்" என்றான் பையன்.
சாக்குக்குச் சொந்தக்காரி
சிட்டையை நாலாக மடித்துக்கொண்டு
என்னைப் பார்க்காமல் போனாள்.

கரண்ட் போய் வந்தது.
தராசு கண்விழிக்கும்போது
ஒரு நொடி எழுத்துகள் ஓடின:
என் தொகுப்பு, என் பதிப்பு, இரண்டு புள்ளி மூன்று.

மேலே, கீழே, அருகே, பூஜ்யம் நோக்கி
என நாலு வழி வைத்திருந்தேன் அதில்.
எதைத் தேர்வது என்பது
பயன்படுத்துவோர் விருப்பம்
என்று கையேட்டில் எழுதியதும் நான்தான்.
மிக நல்ல வாக்கியம் என்று
அப்போது நினைத்திருந்தேன்.

பையன் டீ வாங்கப் போனான்.
அமைப்புக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்டது தராசு.
விற்கும்போது நாலு பூஜ்யம்,
யாரும் மாற்றுவதில்லை.
இவர்களும் மாற்றியிருக்கவில்லை.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பது
நீங்கள் கேட்ட நூறு சொல்லுக்குள் வராது.

பிறந்த தேதியை மட்டும்
அப்படியே போடுங்கள்.