இரண்டாவது கோடு

கோத்தகிரியில் மூன்று நாளாய் மழை.
சொட்டும் குடையோடு வகுப்பு வாசலில் நிற்கிறேன்.
பெஞ்சின் நடுவே சாக்பீஸ் கோடு.
இந்தப் பக்கம் என் மகள் ரோஷினி.
அந்தப் பக்கம் சுக்மணி,
கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் பெண்.
"வடக்கச்சி, இதத் தாண்டுன…"

எங்கே கற்றாய் இந்தச் சொல்லை என்கிறார் டீச்சர்.
ரோஷினி என் முகத்தைப் பார்க்கவில்லை,
செருப்பைப் பார்க்கிறாள்.

எடைபோடும் கொட்டகையில் சொல்லியிருக்கிறேன்.
ஜீப்பில், சிரித்துக்கொண்டே.
சம்பளம் குறைந்த சனிக்கிழமை
சோற்றைப் பிசைந்தபடி,
அவள் என் தட்டிலிருந்து அப்பளம் உடைத்தபோது.

ஹட்டனில் என் அப்பா கள்ளத்தோணி.
கப்பலேறி இங்கே வந்ததும் சிலோன்காரன்.
ரேஷன் கார்டில் மட்டும்தான் சின்னக்காளை.
அதை இவளிடம் நான் சொன்னதே இல்லை.
இது மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

"கோட்டை நான் அழிச்சிடறேன், டீச்சர்."
"நேத்தே சுக்மணி அழிச்சிட்டா.
இது ரெண்டாவது கோடு."

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைக்கிறேன்.
அந்தக் குழந்தையிடம் ஏதாவது சொல்ல வேண்டும்.
எனக்கு இந்தி தெரியாதே என்கிறேன்.

"தமிழ் அவளுக்கு நல்லாவே புரியும், சார்.
நாலு வருஷமா
கேட்டுக்கிட்டுத்தானே இருக்கா."