மன்னினென் கோப்பு

சுங்கை லாலாங் செம்பனை ஆலை,
பாய்லர் குறிப்பேடு, 1974:
“மூன்றாம் வால்வு ஒழுகுகிறது. மறுபடியும்.
– ஆர். மன்னினென்.”

ஆ சேங்கின் பழைய பேப்பர் கடையில்
பாசிகளைப் பற்றி, படம் மட்டும் புரிகிற புத்தகம்.
எழுதியவர் ஐனோ மன்னினென்.

சர்ச் அலமாரியில் ஒரு ரொட்டிக் குறிப்பு.
கடைசி வரி: “இந்த ஊர் மாவுக்குப் பொறுமையில்லை.”
கீழே அதே பெயர்.

உறவா என்று எழுதிக் கேட்டேன்.
ஹெல்சிங்கியிலிருந்து பதில்:
“அம்மணி, இங்கே தெருவுக்கு நான்கு மன்னினென்.”

போகட்டும். ஒரே கோப்பில்தான் வைத்திருக்கிறேன்.

நான் தவநிதி, த/பெ குப்புலிங்கம்.
என் மகன் த/பெ மாயழகு.
அவன் பிள்ளைக்கு வரும்போது
குப்புலிங்கம் எந்தத் தாளிலும் இல்லை.

லோரி ஹார்ன் அடிக்கிறது, பதினோரு டன் குலை.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
ஆர். மன்னினெனுக்குக் கீழே
காலியாக இருந்த வரியில் எழுதுகிறேன்:
இன்னும்தான்.