அறுபது காசு

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
காலைக் குலைகளுக்கு எடை சரி.
பகல் இரண்டு தாண்டினால்
எடைப்பாலத்துச் சன்னலில் நான் வைத்த சின்னத் திரை
ஜப்பான் எழுத்தில் பேசியது.

"சப்பான்காரன் திரும்பி வந்துட்டானா?"
லோரியை அணைக்காமலே கேட்டார் சன்னாசி.
பின்னால் இன்னும் எட்டு லோரி. முள்ளும் வெயிலும்.
கிராணி ஃபௌசியா பேனாவை மூடினார்:
தெரியாத எண்ணை எழுத மாட்டேன்,
ஆறு மணிக்கு வாங்க.

கம்பியைக் குற்றம் சொன்னேன்.
எலியைச் சொன்னேன், இடியைச் சொன்னேன்.
எடைப்பெட்டி செய்த கம்பெனியை
இரண்டு மொழியில் வைதேன்.

பெட்டிக்கும் என் சில்லுக்கும் நடுவே ஒரு கம்பிதான்.
பொதுக் கடிகாரம் கிடையாது.
இன்ன வேகம் என்று முன்பே பேசிக்கொண்டதோடு சரி.
சும்மா கிடக்கையில் கம்பி
ஐந்து வோல்ட்டில் நிமிர்ந்து நிற்கும்;
மௌனம் இங்கே சுழியம் இல்லை, ஒன்று.
தலை தாழ்ந்தால்
எண் வருகிறது என்று பொருள்.
அந்தக் கணம் தொட்டு என் சில்லு
தன் துடிப்பை மட்டும் நம்பி
ஒவ்வொரு பிட்டின் நடுவயிற்றையும் தொட்டுப் பார்க்கும்,
கடைக்குட்டி முதலில், மூத்தது கடைசியில்.

தே ஓ ஐஸின் கட்டி ஒன்றைப்
பிளாஸ்டிக்கில் சுற்றிச் சில்லின் மேல் வைத்தேன்,
வேறு எதுவும் தோன்றாமல்.
ஜப்பான் கலைந்தது.
பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது கிலோ.
ஐஸ் உருகியதும்
மறுபடியும் ஜப்பான்.

தகரக் கொட்டகையில்
சில்லோடு இலவசமாக வந்த கடிகாரம்
வெயிலுக்குச் சோம்பியிருக்கிறது.
நூற்று நான்கு மைக்ரோவினாடிக்கு ஓர் அடி என்பது பேச்சு;
அது நூற்றுப் பதினொன்றுக்கு வைத்தது.
ஏழுதான்.
முதல் பிட்டில் தெரியாது, மூன்றாவதிலும் தெரியாது.
எட்டாவதைத் தொடக் கை நீட்டும்போது
அது போய்விட்டிருந்தது.
அங்கே நின்றது முற்றுப்புள்ளி.
அதையும் எண்ணின் உறுப்பென்று
உள்ளே கூட்டி வந்தது என் நிரல்.

வெளியே பொருத்தும் படிகம்
வெயிலுக்கு அவ்வளவாக அசையாது.
விலைப்பட்டியலில் அதை அடித்தது
என் கைதான், போன டிசம்பரில்.

மறுநாள் பற்றவைத்தேன்.
மூன்று மணிக்கும் எண்கள் எண்களாகவே வந்தன.
"எவ்வளவு ஆச்சு அந்தச் சாமானுக்கு?"

"அறுபது காசு."

சன்னாசி தலை தாழ்த்தினார்.
விரலை மடக்கத் தொடங்கினார்:
ஒம்போது லோரி, நாலு நாளு,
ஒரு லோரிக்கு நாலு மணி நேரம்...